தீ எங்கன்னு தெரியுது, ஆளு எங்க?

வணக்கம் நேயர்களே. நான் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரன், ஒயர்லெஸ் செட்டு சர்வீஸ் பண்ணுதேன், ஆசைக்கு ஒயர்லெஸ்ல பேசுற ஹாம் ரேடியோ லைசென்சும் இருக்கு. காட்டுத்தீயப் பத்தி பேசணும்னு கூப்பிட்டாங்க. தீய அணைக்கிறதப் பத்தி பேச எனக்கு யோக்கியத கெடையாது, அதுக்கு மலையில நிக்கிற வாட்ச்சருங்க இருக்காங்க, நான் அவங்க கையில இருக்கிற செட்டப் பத்தி பேசுதேன்.

மாசி பங்குனில நம்ம பக்கம் கீழ பிசான அறுப்பு நடக்கும், மேல புல்லு காஞ்சு கெடக்கும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988ல வந்தது, தமிழ்நாட்டுலயே அதான் மொதல்ல, மையப்பகுதி மட்டுமே 895 சதுர கிலோமீட்டர். உச்சிச் சோலை ஈரம், லேசுல பத்தாது. பத்துறதெல்லாம் அடிவாரத்துப் புல்லுச் சரிவும் எல உதிர்ற காடும்தான்.

இப்ப தீ எங்க பத்துதுன்னு கண்டுபிடிக்க வானத்துலயே ஆளு இருக்கு. டேராடூன்ல இருக்கிற இந்திய வன ஆய்வு நிறுவனம் சாட்டிலைட் படத்தப் பாத்து நாடு பூரா வனத்துறைக்கு எஸ்எம்எஸ் அனுப்புது, 2004லேர்ந்து நடக்குது. மொதல்ல மோடிஸ்னு ஒரு கருவி, அதுல படத்தோட ஒரு கட்டம் ஒரு கிலோமீட்டர். பொறவு வியர்ஸ் வந்துச்சு, கட்டம் 375 மீட்டரா சுருங்கிருச்சு. நல்ல விசயம்தான், ஆனா ஒண்ணு பாத்துக்கிடுங்க, வியர்ஸ் இருக்கிற சாட்டிலைட் நம்ம தலைக்கு மேல மத்தியானம் ஒண்ணரைய ஒட்டி ஒரு தடவ, ராத்திரி ஒண்ணரைய ஒட்டி ஒரு தடவ, அப்படித்தான் கடக்கும். மூணு மணிக்கு எவனாவது பீடித்துண்ட வீசிட்டுப் போனா அது அந்த சாட்டிலைட்டுக்கு நடுச்சாமத்துலதான் தெரியும். மேகம் மறைச்சா அதுவும் இல்ல.

சரி, தீய எப்படியோ பாத்தாச்சு, தகவல் வந்தாச்சு. ரேஞ்சர் ஆபீஸ்லேர்ந்து ஆளுக பச்சக் கொப்ப ஒடிச்சுக்கிட்டு ஏறுதாங்க, நாலு பேரு இந்தப் பக்கம், அஞ்சு பேரு அந்தப் பக்கம், ஒரு மணி நேரம் கழிச்சு அந்த நாலு பேரு எங்க நிக்காங்கன்னு கீழ உள்ளவருக்குத் தெரியுமா? நான் இன்னைக்கு கேக்க வந்ததே இந்தக் கேள்வியத்தான்.

இது நம்ம ஊருக்கு மட்டும் உள்ள கொற இல்ல. அமெரிக்காவுல அரிசோனாவுல 2013 ஜூன் 30ஆம் தேதி, யார்னெல் ஹில்னு ஒரு தீ. நல்ல பயிற்சி எடுத்த ஒரு குழு, 19 பேரு செத்துப் போனாங்க. கையில ரேடியோ இருந்துச்சு, மேல தீயணைக்கிற பெரிய விமானம் மருந்தோட சுத்திக்கிட்டு இருந்துச்சு, ஆனா அவங்க எந்தப் பள்ளத்துல இருக்காங்கன்னு மேல உள்ளவங்களுக்குத் தெரியல, பொக மூடிருச்சு. கடைசி அரை மணி நேரத்துக்குக் கிட்ட அவங்க எந்த வழியா நகந்தாங்கன்னு வெளிய யாருக்கும் சரியா தெரியாது. அதுக்கப்புறம் 2019ல அங்க ஒரு சட்டம் வந்துச்சு, பெரிய தீக்குள்ள போற குழுக்கள் எங்க இருக்குன்னு காட்டுற ஏற்பாடு வேணும்னு.

நம்ம குரங்கணிய மறக்க முடியுமா, 2018 மார்ச் 11. தேனிப் பக்கம் மலையேறப் போன புள்ளைங்க, காட்டுத்தீயில சிக்கி 20க்கு மேல உசுரு போச்சு. மொதல்ல ஓடிப் போயி தூக்கினது பக்கத்து ஊர்க்காரங்களும் தோட்டத் தொழிலாளிகளும்தான்.

வாக்கி டாக்கியில என்ன கஷ்டம்னா அலை நேரா போகும். மீடியம் வேவ் ரேடியோ மாதிரி மலைய வளைஞ்சு போகாது. நடுவுல ஒரு முகடு இருந்தா அடுத்த பள்ளத்துல உள்ளவனுக்குக் கேக்காது, அதனாலதான் உயரமான எடத்துல ரிப்பீட்டர் வைக்காங்க, செட்டு ரிப்பீட்டர்கிட்ட பேசும், அது அந்தப் பக்கம் திருப்பிச் சொல்லும். காட்டுக்குள்ள ஈரமான எல அலைய வேற குடிச்சிரும், அதுவும் அலைவரிசை கூடக்கூட அதிகமா குடிக்கும், அதனாலதான் காட்டுக்கு யுஎச்எஃப்ங்கிற கூடின அலைவரிசைய விட விஎச்எஃப்ங்கிற கொறஞ்ச அலைவரிசை தேவலன்னு எங்க தொழில்ல சொல்லுதது.

இப்ப டிஜிட்டல் செட்டு இருக்குல்லா, அதுக்குள்ளயே ஜிபிஎஸ் இருக்கு. பேச பட்டன அமுக்கினா பேச்சு முடியும்போதே அவன் நிக்கிற எடமும் கீழ போயிரும், கம்ப்யூட்டர் மேப்ல புள்ளி விழும். இதுக்கு செல்போன் டவர் வேண்டாம். எங்க ஹாம் ஆளுக இத ஏபிஆர்எஸ்னு ரொம்ப வருசமா வெளையாட்டா செஞ்சுக்கிட்டுதான் இருக்கோம். இன்னொண்ணு லோரா, 865லேர்ந்து 868 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் நம்ம நாட்டுல லைசென்ஸ் வேண்டாம், சின்னப் பெட்டி, கொஞ்சம் பேட்டரி போதும், ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்குத் தாவித்தாவி தகவல் போகும். ஆனா பேச்சு போகாது, எடமும் நாலு வார்த்தையும்தான். தீக்கு முன்னால நிக்கிறவனுக்குப் பேச்சு வேணும், அதனால செட்டத் தூக்கிட்டு இத வைக்கலாம்னு யாராவது வித்தா வாங்காதீங்க, செட்டோட சேத்து வச்சா சரி.

புள்ளி விழுந்துருச்சுன்னு நிம்மதியா இருக்கவும் கூடாது. அந்தப் புள்ளி எப்ப வந்த புள்ளி? காஞ்ச புல்லுல காத்து அடிச்சா தீ மணிக்கு 10 கிலோமீட்டர் போறது ஒண்ணும் அதிசயமில்ல, மேட்டுல ஏறும்போது இன்னும் வெரசா ஏறும். பத்து நிமிசம் பழைய புள்ளின்னா அதுக்குள்ள தீ ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல நகந்திருக்கும், ஆளும் நகந்திருப்பான், மேப் மட்டும் பழைய எடத்தையே காட்டிக்கிட்டு நிக்கும். அதனால எந்த மென்பொருள் வாங்கினாலும் புள்ளிக்குப் பக்கத்துல எத்தன நிமிசம் ஆச்சுன்னு எழுதிக் காட்டணும், பழசானா நெறம் மாறணும். மரத்துக்கு அடியில ஜிபிஎஸ் பத்து இருபது மீட்டர் தள்ளிக் காட்டும், அத மன்னிச்சிரலாம், நேரத்துல ஏமாத்துறத மன்னிக்க முடியாது.

எடத்தோட அட்சரேகை நம்பர வாயால சொல்லுததும் ஆபத்துதான். 8 டிகிரி 30 நிமிசம்னு ஒருத்தர் சொல்லுதாரு, கேக்கிறவரு 8 புள்ளி 30னு மேப்ல அடிக்காரு. உண்மையில அது 8 புள்ளி 5. வித்தியாசம் 22 கிலோமீட்டர், ஆள அனுப்புனா வேற மலைக்குத்தான் போவான். இதவிட நம்ம மலையில குடியிருக்கிற காணிக்காரங்க கெட்டிக்காரங்க, அவங்களுக்கு ஓடை பாறை எல்லாத்துக்கும் பேரு உண்டு. அந்தப் பேரையெல்லாம் அவங்கள பக்கத்துல உக்கார வச்சு மேப்ல ஏத்துங்க, செட்டுல பேரு சொன்னா போதும்.

வாட்ச்சருங்க பக்கத்துலயும் ஒரு நியாயம் இருக்கு. எடம் காட்டுற கருவிய வச்சு நேத்து ஏன் ரெண்டு மணி நேரம் ஒரே எடத்துல நின்னன்னு விளக்கம் கேக்க ஆரம்பிச்சா, அவன் கருவிய மரக்கெளையில தொங்கவிட்டுட்டுப் போயிருவான், நானா இருந்தாலும் அதத்தான் செய்வேன். உசுரக் காப்பாத்த வாங்கினது சம்பளம் பிடிக்க ஆகக்கூடாது.

வெளிநாட்டு மலையேறிகள் வச்சிருக்க கையடக்க சாட்டிலைட் கருவி இருக்கே, இரிடியம்னு 66 சாட்டிலைட்டுல ஓடுறது, அத இங்க தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாம வச்சிருந்தா போலீஸ்ல மாட்டுவீங்க, ஏர்போர்ட்டுலயே டூரிஸ்ட்டுங்க மாட்டியிருக்காங்க. தெரியாம ஆன்லைன்ல வாங்கிராதீங்க. ஆனா நம்ம கடக்கரையப் பாருங்க, 2017ல ஒக்கி புயல்ல சிக்குனவங்களுக்குத் தகவல் சொல்ல வழியில்லாம போச்சு, இப்ப இஸ்ரோ செஞ்ச, சாட்டிலைட் வழியா தகவல் அனுப்புற டிரான்ஸ்பாண்டர் கருவி இருக்கு, ரெண்டு பக்கமும் மெசேஜ் போகும், ஒரு லட்சம் படகுல மாட்டுறதுக்கு 2024ல திட்டம் தொடங்கினாங்க. படகுக்குக் குடுத்தத மலைக்கு ஏன் குடுக்கக் கூடாது? கடல்ல வானம் தொறந்து கெடக்கு, காட்டுல எல மறைக்கும், அது நெசம், ஆனா பாறை மேட்டுல ஏறி நின்னா கெடைக்கும்லா. ஒரு குழுவுக்கு ஒண்ணு போதும்னுதான் எனக்குத் தோணுது.

கேக்கிற நீங்களும் ஒண்ணு செய்யலாம். வன ஆய்வு நிறுவனத்தோட வன் அக்னி இணையதளத்துல பொதுமக்களும் பதிவு பண்ணிக்கிடலாம், அலர்ட் போனுக்கே வரும், காசு கெடையாது. பொகயப் பாத்தா 101க்கோ 112க்கோ அடிங்க, அடிக்கும்போது மலையில தீன்னு மட்டும் சொல்லாம நீங்க எங்க நிக்கீங்க, அங்கேர்ந்து எந்தத் திசையில தெரியுது, காத்து எந்தப் பக்கம் அடிக்கு, இந்த மூணையும் சொல்லுங்க. நீங்களா மேல ஏறிராதீங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆச்சுன்னு கை காட்டுதாங்க, வாரேன், வணக்கம்.