அட்டாக் வந்த நெஞ்ச எதுக்கு வேணும்னே ஓட வைக்கிறாங்க? | இபி டெஸ்ட் பத்தி கொஞ்சம் கோவமா ஒரு வீடியோ

வணக்கம் மக்களே, மார்த்தாண்டம் சந்தை வீடியோ இன்னைக்கு வரும்னு சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். எனக்கு வயிறு எரியுது, இத பேசாம இருக்க முடியாது. தக்கலைல ஒரு கல்யாணம், பந்தியில பக்கத்துல இருந்த மாமா சத்தமா சொல்லுறாரு, "அட்டாக் வந்த நெஞ்சுக்கு கரண்ட் குடுத்து வேகமா துடிக்க வச்சானுவளாம், ஒனக்க சித்தப்பாவ கொல்லப் பாத்திருக்கானுவ"ன்னு. மாமா சொன்னது இபி டெஸ்ட்ட, நெஞ்சுக்குள்ள வயர் விட்டு கரண்ட் எப்படி ஓடுதுன்னு பாக்கிற டெஸ்ட். சித்தப்பா எதிர் வரிசைல இருக்காரு! மறுநாளு அவரு ஐசிடி மெஷினே, அதான் கோளாறான துடிப்ப நிறுத்த ஒடம்புக்குள்ள வைக்கிற மெஷினே வேண்டாம்னு சொல்லிட்டாரு. ஒரு மனுசனுக்க உயிர் சம்பந்தப்பட்ட காரியத்த பந்தியில வச்சு பேசுறது எனக்கு கொஞ்சமும் பிடிக்காது.

நான் இந்த டெஸ்ட் நடக்குற கேத் லேப்ல நிக்கிற ஆளுன்னு உங்களுக்குத் தெரியும். செரி, கேளுங்க. நல்ல நெஞ்சுல பர்கின்ஜி நார்ல, அதான் கீழறை முழுக்க கரண்ட வேகமா கொண்டுபோற நார்ல, கரண்ட் செகண்டுக்கு 2லருந்து 4 மீட்டர் வர ஓடும், தசைல ஒரு மீட்டருக்கும் கீழதான். அட்டாக் வந்தா அந்த எடம் தழும்பாயிரும், தழும்புல கரண்ட் போகாது. ஆனா தழும்புக்க உள்ள உயிரோட தப்பிச்ச தசை இழை கொஞ்சம் கெடக்கும் பாருங்க, பிரச்சினையே அங்கதான், அதுவழி கரண்ட் வளைஞ்சு நெளிஞ்சு பைய பைய போவும்.

நிமிசத்துக்கு 100 துடிப்புன்னா ரெண்டு துடிப்புக்கு எடையில 600 மில்லிசெகண்ட் இருக்கு, இந்த இழையும் ஒருமாதிரி சமாளிச்சிரும். 400க்கு எறக்கினா, அதாவது 150 துடிப்பு, அதுக்கப்புறம் எடையில சீக்கிரமே ஒரு துடிப்ப சொருகினா, செல்லுல கரண்ட ஓட வைக்கிற சோடியம் வாசல் முழுசா மீண்டிருக்காது. நம்ம ஊர்ல ரப்பர ஒருநாள் விட்டு வெட்டுறோம்லா, தெனமும் கத்தி வச்சா பால் கொறையும், அந்தக் கணக்குதான். கரண்ட் இன்னும் மெதுவாவும், ஒரு பக்கம் அப்படியே நின்னுரும், மறுபக்கம் சுத்தி வரும், வந்து சேரும்போ நின்ன எடம் மீண்டிருக்கும், அதுக்குள்ள பொறத்தால நுழைஞ்சிரும். பொறவு வட்டம் சுத்த ஆரம்பிச்சிரும், அதுதான் விடி (VT), வென்ட்ரிகுலார் டாக்கிகார்டியா, நெஞ்சுக்க கீழறை கோளாறா வேகமா துடிக்கிறது. இப்படி சுத்தும்ங்கறத ஜார்ஜ் மைன்ஸ்னு ஒரு விஞ்ஞானி 1913லயே காட்டிட்டாரு. மனுசன் நெஞ்சுல பேஸிங் பண்ணி, அதான் வயர் வழியா கரண்ட் குடுத்து துடிக்க வச்சு, விடிய வரவழைச்சுப் பாக்கலாம், நிறுத்தவும் செய்யலாம்னு வெல்லன்ஸ்ங்கற இதய டாக்டர் 1972ல எழுதினாரு. நேத்து யாரோ கண்டுபிடிச்ச வேலை இல்ல மாமா இது.

ஆங், டிவைடர்! இசிஜி அளக்க கேலிப்பர்னு ஆன்லைன்ல தேடினா 900 ரூவாக்கு மேல போட்டிருக்கான், எதுக்கு? நாகர்கோவில் வடசேரில ஒரு ஸ்டேஷனரி கடைல ஜியாமெட்ரி பாக்ஸ் டிவைடர் தனியா கெடச்சுது, ரெண்டு பக்கமும் ஊசி, 35 ரூவா. திருகு லூசா இருந்தா அளவு நழுவிரும், அதனால நாலஞ்ச எடுத்து விரிச்சு விரிச்சு பாத்தேன், கடை அண்ணன் ஒண்ணும் சொல்லல, நல்ல மனுசன். கடைசில கெடச்சது பாருங்க, விரிச்சு மேசைல வச்சா ஒரு இம்மி அசையல. 35 ரூவா! இத நான் யாருக்கும் இரவல் குடுக்க மாட்டேன்.

இப்ப கேமராவ கிட்ட கொண்டாரேன். இது படிக்க வச்சிருக்க ஒரு ஆளுக்க இசிஜி ஸ்ட்ரிப். பேப்பர் செகண்டுக்கு 25 மில்லிமீட்டர் ஓடும், ஒரு சின்ன கட்டம் 0.04 செகண்ட். மேலறைய 600 மில்லிசெகண்ட்ல பேஸ் பண்ணும்போ துடிப்புக்கு துடிப்பு 15 கட்டம், க்யூஆர்எஸ், அதான் கீழறைக்கு கரண்ட் பரவுறத காட்டுற கூரான கோடு, ரெண்டரை கட்டம், நார்மல். அதே ஆளுக்கு 400, 10 கட்டத்துக்கு ஒண்ணு, க்யூஆர்எஸ்ஸ பாருங்க, நாலு கட்டம், ஊசி ரெண்டும் எம்புட்டு விரியுது! கீழறைக்கு கரண்ட் கொண்டுபோற ஒரு பக்க கிளை ஈடுகுடுக்க முடியாம நின்னுட்டு. சும்மா படுத்து எடுத்த இசிஜில இது தெரிஞ்சிருக்குமா? ஓட வச்சதாலதான் வெளிய வந்துது.

சொல்ல விட்டுட்டேன், மேலறைக்கும் கீழறைக்கும் எடையில கரண்ட் கடக்கிற ஏவி நோட்ல வேகம் கூடக் கூட தாமதம் ஆவுறது வேற, அது நல்ல நெஞ்சுலயும் உண்டு, அதுக்கு பயப்படாதீங்க.

சித்தப்பாக்கிட்ட நான் சொன்னதும் இதுதான். எந்த வேகப் பேஸிங்க பாத்து பயந்தீங்களோ, அதவச்சுதான் அந்த மெஷின் உங்கள காப்பாத்தும். விடி 350 மில்லிசெகண்டுக்கு ஒண்ணா சுத்துதுன்னு வைங்க, மெஷின் அதைவிட வேகமா, 88 சதவீதம்னு வச்சா 308ல, எட்டு துடிப்பு தட்டும். அது வட்டத்துக்குள்ள பூந்து வழிய அடைச்சிரும், பல நேரம் ஷாக்கே வேண்டாம், ஆளுக்கு ஒண்ணும் தெரியாமக்கூட போவும். அதுல நிக்கலன்னாதான் ஷாக். அவரு டாக்டர இன்னொருக்க பாக்க ஒத்துக்கிட்டாரு, அது போதும் எனக்கு.

இன்னொண்ணும் உண்டு, மாமாக்கு கண்டிப்பா தெரியணும். டெஸ்ட் தொடங்குததுக்கு முன்னாடியே நெஞ்சுலயும் முதுகுலயும் ஷாக் குடுக்கிற டிஃபிப்ரிலேட்டர் பேட் ஒட்டிருவோம், சார்ஜ் பண்ண ஒரு ஆளு மெஷின் பக்கத்தவிட்டு நகராம நிக்கும். விடி தானா நிக்கலன்னா முதல்ல பேஸிங்லயே நிறுத்தப் பாப்போம், பிரஷர் எறங்கினா அந்த நிமிசமே ஷாக். வீட்டுல, ராத்திரி, ஆள் இல்லாத நேரம் வாரத விட அங்க வச்சு வாரது ஆயிரம் மடங்கு மேல் மாமா.