ஒரு பிள்ளைக்கு 1,515 பவுண்டு: பள்ளி அதை எதில் போட வேண்டும்?

[திரையில்: ஒரு சிறுமியின் விரல் புத்தக வரியின் மீது நகர்கிறது]

வணக்கம். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். கடகடவென்று போகிறது. ஒரு பையன் 'ரிலக்டன்ட்லி' கதவைத் திறந்தான் என்று ஒரு வரி. நீளமான சொல், ஆனாலும் உச்சரிப்பில் பிசகே இல்லை. முடித்ததும் கேட்டேன்: "அந்தப் பையனுக்குக் கதவைத் திறக்க ஆசையா இருந்ததா, இல்லையா?" கொஞ்சம் யோசித்தாள். "ஆசைதான் மிஸ். திறந்துட்டானே!"

அரை மனதோடு திறந்தான் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அது அவளுக்குத் தெரியவில்லை. எழுத்தைக் கூட்டி ஒலிக்க அவளுக்கு நன்றாகத் தெரியும், சொற்கள்தான் அவளிடம் இல்லை. ஆனால் அந்த ஆண்டு முழுக்க நாங்கள் அவளுக்குக் கொடுத்தது கூடுதல் ஃபோனிக்ஸ் பயிற்சி, அதாவது எழுத்துகளை ஒலியாகக் கூட்டி வாசிக்கும் பயிற்சி. வாரம் மூன்று நாள், வகுப்பை விட்டு வெளியே கூட்டிப்போய். அவளை அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. அவளைக் கணக்கில் வைத்து அரசு கொடுத்த பணம், அவளுக்குத் தேவையே இல்லாத ஒன்றில் கரைந்தது.

அந்தப் பணத்தைப் பற்றித்தான் இந்த வீடியோ.

[திரையில்: இங்கிலாந்து வரைபடம், 'பியூப்பில் பிரீமியம்']

நான் இங்கிலாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை. இங்கே அரசுப் பள்ளிகளுக்கு வழக்கமான நிதி போக, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளை எண்ணி ஒரு தனித்தொகை வருகிறது. அதன் பெயர் பியூப்பில் பிரீமியம். 2011 ஏப்ரலில் அப்போதைய கூட்டணி அரசு தொடங்கியது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வேறு பெயர்களில் வேறு திட்டங்கள் இருக்கின்றன. நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும்.

முதல் ஆண்டில் ஒரு பிள்ளைக்கு 488 பவுண்டு. 2014-15இல் தொடக்கப் பள்ளிக்கு அது 1,300 ஆனது. அடுத்த ஆண்டு 1,320. அப்புறம் 2020 வரை ஒரு பவுண்டுகூட ஏறவில்லை. விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. 2025-26இல் 1,515 பவுண்டு. இதே ஆண்டு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைக்கு 1,075தான். சின்ன வயதில் விழுகிற இடைவெளியைச் சின்ன வயதிலேயே அடைக்க வேண்டும் என்பதால் இந்த வித்தியாசம். அது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

யாருக்கு வரும்? கடந்த ஆறு ஆண்டுகளில் எப்போதாவது ஒருமுறை, வருமானத்தின் அடிப்படையில் இலவசப் பள்ளி உணவுக்குத் தகுதி பெற்றுப் பதிவான எந்தப் பிள்ளைக்கும் வரும். யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்கும் குடும்பம் என்றால், வரி போக வேலை வருமானம் ஆண்டுக்கு 7,400 பவுண்டைத் தாண்டக் கூடாது. கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி நிர்வாகத்தின், பராமரிப்பில் வளரும் பிள்ளைகளுக்குத் தொகை இன்னும் அதிகம். நம்மவர்கள் பலர் நினைப்பதுபோல, வீட்டில் தமிழ் பேசுவதற்கும் இந்தப் பணத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆங்கிலம் இரண்டாம் மொழியாக இருப்பது வேறு, வறுமை வேறு.

[திரையில்: மடித்து, பள்ளிப் பையின் அடியில் கிடக்கும் ஒரு படிவம்]

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். 2014 செப்டம்பரிலிருந்து ரிசெப்ஷன், இயர் 1, இயர் 2 என்ற முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம். லண்டனில் 2023இலிருந்து தொடக்கப் பள்ளி முழுவதற்குமே இலவசம். நல்ல விஷயம்தான். ஆனால் சாப்பாடு எப்படியும் கிடைக்கிறது என்றால், வருமான விவரம் கேட்கும் படிவத்தை யார் நிரப்புவார்கள்? பையின் அடியிலேயே கசங்கிப் போய்விடும். பதிவு இல்லையென்றால் பள்ளிக்குப் பணம் இல்லை. ஒரு படிவம் ஆறு ஆண்டு பேசும். 2025-26 தொகையில் கணக்குப் போட்டால் ஒரு பிள்ளைக்கு 9,000 பவுண்டுக்கு மேல்.

2026 செப்டம்பரிலிருந்து யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் உணவு இலவசம் என்று அரசு அறிவித்திருக்கிறது. ஆனால் பியூப்பில் பிரீமியத்துக்குப் பழைய 7,400 வரம்புதான் தொடரும் என்றும் சொல்லியிருக்கிறது. எனவே சாப்பாடு வருகிறதே என்று படிவத்தை விட்டுவிடாதீர்கள். கூச்சப்படவும் வேண்டாம். யார் பெயர் பட்டியலில் இருக்கிறது என்பது வகுப்பில் எந்தப் பிள்ளைக்கும் தெரியப்போவதில்லை. சில கவுன்சில்கள் தங்களிடம் உள்ள தகவலை வைத்துத் தாங்களே பதிவு செய்யத் தொடங்கிவிட்டன. எல்லாக் கவுன்சில்களும் அப்படிச் செய்ய வேண்டும்.

சரி, பணம் பள்ளிக்கு வந்துவிட்டது. பெற்றோர் அடிக்கடி கேட்பது: "என் பிள்ளைக்கு வந்த 1,515 எங்கே?" அது பிள்ளையின் பெயரில் உள்ள தனிக் கணக்கு கிடையாது. பள்ளி மொத்தமாகச் சேர்த்துத் திட்டம் போட்டுச் செலவழிக்கலாம். பட்டியலில் இல்லாத, ஆனால் உதவி தேவைப்படுகிற பிள்ளைக்கும் அதிலிருந்து செய்யலாம். 40 பிள்ளைகள் இருந்தால் 60,600 பவுண்டு. பெரிய தொகை போலத் தெரியும். அனுபவமுள்ள ஓர் ஆசிரியரின் சம்பளமும் பென்ஷன் பங்களிப்பும் சேர்ந்தாலே பெரும்பகுதி காலி.

அதனால்தான் எதற்கு என்ற கேள்வி முக்கியம். பல பள்ளிகள் முதலில் கை வைத்தது, வகுப்பில் ஆசிரியருக்கு உதவும் டீச்சிங் அசிஸ்டன்ட்களை நியமிப்பதில். அதில் ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. லண்டன் இன்ஸ்டிடியூட் ஆஃப் எஜுகேஷன் ஆய்வாளர்கள் 2003இலிருந்து 2008 வரை பள்ளிகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். அசிஸ்டன்ட்டின் உதவி அதிகம் கிடைத்த பிள்ளைகள், அதே நிலையில் இருந்த மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் முன்னேறியிருந்தார்கள்.

அது அசிஸ்டன்ட்களின் குற்றம் இல்லை. அவர்களுக்குப் பயிற்சியும் இல்லை, ஆசிரியரோடு உட்கார்ந்து திட்டமிட நேரமும் இல்லை. என்ன நடந்தது என்றால், அதிகம் தடுமாறுகிற பிள்ளை ஆசிரியரிடமிருந்து விலகி மூலை மேசைக்குப் போனது. அங்கே பக்கத்தில் இருப்பவர், பாவம் பிள்ளை திணறுகிறதே என்று விடையைச் சொல்லிவிடுவார். நோட்டுப் புத்தகம் நிரம்பும். தலைக்குள் எதுவும் ஏறியிருக்காது. நானே இதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

[திரையில்: தரைவிரிப்பில் மூன்று குழந்தைகள், நடுவே படக் கதை அட்டைகள்]

அதே அசிஸ்டன்ட்டுக்குப் பயிற்சி கொடுத்து, தெளிவான ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் கதை மாறுகிறது. நஃபீல்ட் எர்லி லாங்குவேஜ் இன்டர்வென்ஷன் என்று ஒரு திட்டம், சுருக்கமாக நெலி. ரிசெப்ஷன் வகுப்பில் பேச்சு பின்தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு 20 வாரம். சிறு குழுவாகவும் தனியாகவும் உட்கார்ந்து கதை சொல்வது, புதுச் சொல் கற்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது. பெரிய அளவில் நடத்திய சோதனையில், பங்கெடுத்த பிள்ளைகள் மொழியில் சுமார் மூன்று மாதம் கூடுதலாக முன்னேறினார்கள். எங்கள் சிறுமிக்கு நான்கு வயதில் கிடைத்திருக்க வேண்டியது இதுதான்.

வகுப்பறைக்கு வெளியே செய்வதும் பலன் தரும். காலை உணவு கிளப்பைப் பாருங்கள். மேஜிக் பிரேக்ஃபாஸ்ட் திட்டம் நடந்த பள்ளிகளில் இயர் 2 பிள்ளைகள் சுமார் இரண்டு மாதம் கூடுதலாக முன்னேறியதை ஒரு சோதனை காட்டியது. பசி இல்லாத பிள்ளை கவனிக்கிறது, வகுப்பும் அமைதியாக இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டியது, தினமும் வகுப்பில் நிற்கிற ஆசிரியரின் பாடம் நன்றாக இருப்பது. எந்த முறை பலன் தருகிறது என்று சோதித்துப் பார்க்கும் எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு பள்ளிகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதையே: முதலில் கற்பித்தல், பிறகு குறிப்பிட்ட பிள்ளைக்குக் குறிப்பிட்ட உதவி, பிறகு வருகை, நடத்தை, உணவு போன்றவை. ஆசிரியர் பயிற்சிக்கு இந்தப் பணம் போகிறது என்றால் சில பெற்றோர் முகம் சுளிப்பார்கள். சுளிக்க வேண்டியதில்லை. பிள்ளை நாளெல்லாம் இருப்பது அந்த ஆசிரியரோடுதான்.

இவ்வளவு செய்தும் இடைவெளி மூடவில்லை. 2023இல் தொடக்கப் பள்ளி முடிக்கும் 11 வயதில் வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் எதிர்பார்த்த நிலையை எட்டியவர்கள், வசதி குறைந்த பிள்ளைகளில் 100க்கு 44 பேர். மற்றவர்களில் 66. கோவிட்டுக்கு முன் மெல்லக் குறைந்துவந்த வித்தியாசம், பள்ளிகள் மூடிய காலத்தில் மறுபடி விரிந்தது. தங்கள் பட்ஜெட் ஓட்டையை அடைக்க இந்தப் பணத்தில் கை வைக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. கூரை ஒழுகினால் தலைமை ஆசிரியர் வேறு என்ன செய்வார் என்று புரிகிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

[திரையில்: ஒரு பள்ளி இணையதளத்தின் பக்கம்]

அநேகமாக ஒவ்வொரு பள்ளியும் இந்தப் பணத்துக்கான திட்ட அறிக்கையை ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் தன் இணையதளத்தில் போட வேண்டும். உங்கள் பிள்ளையின் பள்ளியுடையதைத் திறந்து, 'சவால்கள்' என்ற பகுதியைப் படியுங்கள். 'பின்தங்கியிருக்கிறார்கள்' என்று பொதுவாக எழுதியிருக்கிறதா, அல்லது 'ரிசெப்ஷனில் சேரும்போது பேச்சுச் சொற்கள் குறைவு' என்பதுபோல் எதையாவது கண்டுபிடித்து எழுதியிருக்கிறதா? முதலாவது என்றால், பெற்றோர் சந்திப்பில் கேளுங்கள்: எதை வைத்து இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?

அந்தச் சிறுமியின் ஃபோனிக்ஸ் பயிற்சியை நிறுத்தினோம். அந்த நேரத்தில் அவள் வகுப்பிலேயே இருந்தாள். தினமும் ஒரு கதை, அதில் மூன்று புதுச் சொற்கள், அவற்றை வைத்து நிறையப் பேச்சு. இரண்டு மாதம் கழித்து, விளையாட்டு நேரம் முடிந்து மணி அடித்தபோது என்னிடம் வந்து சொன்னாள்: "மிஸ், நான் ரிலக்டன்ட்லி உள்ளே வர்றேன்."