மாயவரம்–தரங்கம்பாடி: கடலோரத்தில் நின்றுபோன ரயில்

நேயர்களுக்கு வணக்கம்.

தஞ்சை வட்டாரத்தில் ரயில் நிலையத்தை 'ரயிலடி' என்று சொல்வது வழக்கம். ரயில் நின்று நாற்பது ஆண்டுகள் ஆகப்போகும் ஒரு பாதையின் கதையை இன்று சொல்ல வந்திருக்கிறேன். அன்று மாயவரம், மாயூரம் என்று வழங்கிய மயிலாடுதுறையில் தொடங்கி, மன்னம்பந்தல், செம்பொன்னார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக் கடற்கரையில் முடிந்த, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலம்) கிளைப்பாதை அது. 1926-இல் திறக்கப்பட்டது, 1986-இல் மூடப்பட்டது.

அது ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது என்ற கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். 1620 முதல் டேனிஷ்காரர்களின் துறைமுகமாக இருந்த தரங்கம்பாடியை, வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து, 1845-இல் 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கியது. அடுத்த பதினாறு ஆண்டுகளில் நாகப்பட்டினத்திலிருந்து மேற்கு நோக்கி இருப்புப்பாதை போடப்பட்டதும், கப்பலில் ஏறவேண்டிய சரக்கு தண்டவாளம் இருந்த துறைமுகத்தைத் தேடிப் போயிற்று. தரங்கம்பாடி சுங்கச்சாவடியும் கோட்டையும் மட்டும் மிஞ்சிய ஊராகச் சுருங்கியது. ஆக, அந்த ஊரின் வணிகத்தை ஒடுக்கிய ரயில், அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஒடுங்கிய ஊரைப் பார்க்க வந்து சேர்ந்தது என்றே சொல்லவேண்டும். 1915-இல் காந்தியடிகள் தில்லையாடிக்கு வந்தபோதுகூட அங்கே ரயில் இல்லை.

தஞ்சை மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிப் பெருமையும் உண்டு. ரயில் போடுவது கம்பெனிகளின் வேலை என்றிருந்த காலத்தில், நிலவரியோடு சேர்த்து ரயில் வரி என்று ஒன்றைத் தண்டி, அந்தப் பணத்தில் 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை பாதை அமைத்தது தஞ்சை மாவட்டக் கழகம் (டிஸ்ட்ரிக்ட் போர்டு). மிராசுதார்களும் குத்தகைதாரர்களும் நெல் விற்ற காசு தண்டவாளமாக மாறிய அந்த மரபு, மன்னார்குடி, வேதாரண்யம் என்று கிளை கிளையாகப் பரவிய பிறகுதான் தரங்கம்பாடியின் முறை வந்தது.

டெல்டாவில் இருப்புப்பாதை போடுவது எளிதென்று தோன்றும். மலையும் இல்லை, சுரங்கமும் இல்லை. தொல்லை தண்ணீரில் இருந்தது. சிறிது தூரத்துக்கு ஒரு வாய்க்கால் குறுக்கிடும் மண்ணில் மேடு கட்டினால், மேற்கிலிருந்து வடியவேண்டிய வெள்ளம் மேட்டில் முட்டிப் பயிரை மூழ்கடிக்கும். ஆகவே கரை எழுப்புகிற கையோடு, வாய்க்காலுக்கு வாய்க்கால் தண்ணீர் போகக் கண் விட்டு மதகும் பாலமும் கட்டியாக வேண்டும். ரயில் மேட்டில் நின்று பார்த்தால், இரு பக்கமும் வயல் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே இருக்கும். சம்பா அறுவடை நாட்களில் அந்த மேடுதான் களத்துக்குப் போகிறவர்களின் நடைபாதை.

கடைசி நிலையம் வந்ததும், வண்டியை இழுத்து வந்த எஞ்சின் கழன்று, பக்கத்துத் தடத்தில் ஊர்ந்து, மறுமுனையில் மாட்டிக்கொள்ளும். அதற்கப்பால் தண்டவாளம் இல்லை, கடல்தான். கிளைப்பாதைக்குரிய இந்த நிதானமே பிறகு அதற்கு வினையாயிற்று. ஊருக்குள் புகுந்து கடைத்தெருவில் ஆளை இறக்கிவிடும் பேருந்து, ரயிலடிக்கு நடந்து போய்க் காத்திருக்கச் சொல்லும் வண்டியை விட வசதியானது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் பாதையை மூடியதற்குக் காரணமாக, வருவாய் இல்லை என்று சொல்லப்பட்ட கணக்கில் எனக்கு ஒரு குறை உண்டு. இத்தகைய பாதைகளின் வரவைப் பார்க்கும்போது, அந்த முப்பது கிலோமீட்டருக்குள் கிடைத்த கட்டணத்தை மட்டும் பார்ப்பது போதாது. பொறையாறில் ஏறி மாயவரத்தில் மாறிச் சென்னை வரை போகிறவர் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு பிரதான பாதையின் வரவில் போய்ச் சேரும். அவரைக் கொண்டுவந்து சேர்த்த செலவோ கிளைப்பாதையின் தலையில் விழும். இந்த முறையில் கணக்குப் பார்த்தால் எந்தக் கிளையும் நட்டத்தில்தான் நிற்கும்.

மாயூரம் என்ற பெயர் 1982-இல் மயிலாடுதுறை ஆகி நான்கே ஆண்டுகளில் வண்டி நின்றது. பிறகு தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. இதே வட்டாரத்தில், 1976-இல் மூடப்பட்ட நீடாமங்கலம்–மன்னார்குடிப் பாதை 2011-இல் அகலப்பாதையாக உயிர்பெற்றது. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் பக்கத்து அகஸ்தியன்பள்ளிக்கு 2023-இல் மீண்டும் ரயில் ஓடியது. தரங்கம்பாடிக்கும் வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுந்தடங்குகிறது.

திருக்கடையூரில் மணிவிழா நடத்த வெளியூரிலிருந்து வருகிற குடும்பங்கள் இன்றும் மயிலாடுதுறைச் சந்திப்பில்தான் இறங்குகின்றன. அங்கிருந்து கும்பகோணத்துக்கும் சிதம்பரத்துக்கும் திருவாரூருக்கும் வண்டி உண்டு. கிழக்கே போகவேண்டிய அவர்கள் மட்டும் பெட்டி படுக்கையோடு நிலையத்துக்கு வெளியே வந்து, வாடகைக் காருக்குப் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறார்கள்.