விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு கல்முனை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

வரப்பில் மறந்துவிட்டு வந்த மண்வெட்டியைச் சில ஆண்டுகள் கழித்துத் தேடிப் போனால் என்ன கிடைக்கும்? காம்பைக் கறையான் தின்றிருக்கும். துருவேறிய இரும்பு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். ஆதிமனிதரின் வேட்டைக் கருவிகளுக்கும் இதே கதிதான். கம்பு மக்கிவிட்டது, வில்லின் நாண் மக்கிவிட்டது, முனையைக் கம்போடு சேர்த்துக் கட்டிய தசைநாரும் ஒட்டிய பிசினும் மறைந்துவிட்டன. எஞ்சியது கல். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் பார்ப்பது ஆயுதம் அன்று, ஆயுதத்தின் நுனி மட்டுமே.

விதிவிலக்கும் உண்டு. ஜெர்மனியில் ஷோனிங்கன் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில், பழைய ஏரிக்கரைச் சேற்றுக்குள் முழு மர ஈட்டிகளே கிடைத்தன. இரண்டு லட்சம் ஆண்டுகளாவது பழமையானவை; பக்கத்தில் குதிரை எலும்புகள். அந்த ஈட்டிகளுக்குக் கல்முனையே கிடையாது, மரத்தையே கூராகச் செதுக்கியிருந்தார்கள். கல் கிடைக்காத இடத்தில் வேட்டையே நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது என்பதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

ஆனால் இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. ஒரு கல்முனையைவிட, அது கிடந்த இடம் பெரிது. இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன், இந்த உரை முடிவதற்குள் இன்னும் இரண்டு முறையாவது சொல்வேன். ஏன் என்பதற்கு அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஃபோல்சம் என்ற சிற்றூரில் நடந்ததைக் கேளுங்கள்.

1908 ஆகஸ்ட் 27. இரவில் பெருமழை கொட்டி, அந்த ஊரை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. தொலைபேசி நிலையத்தில் இருந்த சாரா ரூக் என்ற பெண்மணி, இடத்தை விட்டு நகராமல் ஒவ்வொரு வீடாக அழைத்து எச்சரித்துக்கொண்டே இருந்து வெள்ளத்தில் உயிரைவிட்டார். தொல்லியலுக்கும் அவருக்கும் தொடர்பில்லைதான். ஆனாலும் அந்த வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது அவர் பெயரைச் சொல்லாமல் கடந்து போக எனக்கு மனம் வராது.

வெள்ளம் வடிந்த பிறகு, ஜார்ஜ் மக்ஜங்கின் என்ற மாட்டுப்பண்ணை மேற்பார்வையாளர் வேலிகளைச் சரிபார்க்கக் குதிரையில் போனார். டெக்சாசில் அடிமையாகப் பிறந்த கறுப்பினத்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை, உடன் வேலை பார்த்தவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுத்துக் கற்றவர். வெள்ளம் ஓர் ஓடையின் கரையை ஆழமாக அரித்துவிட்டிருந்தது. அந்த வெட்டில் மிகக் கீழே எலும்புகள் துருத்திக்கொண்டு நின்றன. மாடுகளோடு வாழ்ந்தவர் அல்லவா? பார்த்ததுமே இவை மாட்டெலும்பு அல்ல, இன்றைய காட்டெருமையின் எலும்பைவிடவும் பெரியவை என்று கண்டுகொண்டார். ஆர்வமுள்ளவர்களிடம் அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் வந்து பார்க்கவில்லை. 1922-ல் அவர் இறந்துபோனார்.

அந்த ஆண்டின் இறுதியில்தான், அவரிடம் இதைக் கேட்டிருந்த ஒரு கொல்லரும் ஒரு வங்கி அதிகாரியும் அங்கே போனார்கள். கொல்லர் பெயர் கார்ல் ஷ்வாக்ஹைம். 1926-ல் டென்வர் நகர அருங்காட்சியகம் அங்கே தோண்டத் தொடங்கியது. அழிந்துபோன காட்டெருமை இனத்தின் எலும்புகள் வெளிவந்தன. அவற்றோடு, மனிதர் செதுக்கிய கல்முனைகளும் வந்தன.

இங்கேதான் சிக்கல். முனைகள் தோண்டும்போதே மண்ணோடு பெயர்ந்து வந்துவிட்டன. அமெரிக்காவில் மனிதர் குடியேறிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன என்பது அன்றைய பெரிய அறிஞர்களின் முடிவு. வாஷிங்டனில் இருந்த மானுடவியல் அறிஞர் அலெஷ் ஹெர்டிலிச்கா அதில் மிகக் கறாரானவர். எலி வளை வழியாகவோ வேர் போன பொந்து வழியாகவோ மேலே கிடந்த கல் கீழே இறங்கியிருக்கலாமே, மண்வெட்டி பட்டு இடம் மாறியிருக்கலாமே என்று கேட்பார். பலரும் அவரை வில்லனாகச் சித்தரிப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய முடிவு தவறு, கேள்வி சரியானது. அடுத்த முனை கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அப்படியே விட்டுவிட்டுத் தந்தி கொடுங்கள், வெளியாட்கள் வந்து பார்க்கட்டும் என்று டென்வர்காரர்களுக்கு அறிவுரை சொன்னவரும் அவரேதான்.

1927 ஆகஸ்ட் 29. ஷ்வாக்ஹைம் மண்ணை மெல்ல விலக்கும்போது, ஒரு காட்டெருமையின் இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே கல்முனை ஒன்று தெரிந்தது. கையை எடுத்துவிட்டார். நினைத்துப் பாருங்கள், ஐந்து ஆண்டுகள் மனத்தில் சுமந்த இடம், தேடிய பொருள் கண்ணெதிரே, ஆனாலும் அவர் அதைத் தொடவில்லை. தந்திகள் பறந்தன. செப்டம்பர் தொடக்கத்தில் பார்னம் பிரவுன், பிராங்க் ராபர்ட்ஸ், ஆல்ஃபிரட் கிட்டர் ஆகிய அறிஞர்கள் வந்து தங்கள் கண்ணால் பார்த்தார்கள். விலா எலும்புகளைச் சுற்றி மண் கலையவில்லை, வளை இல்லை, பொந்து இல்லை. அழிந்துபோன அந்தக் காட்டெருமையை மனிதர் வேட்டையாடினார்களா என்ற விவாதம் அங்கேயே தீர்ந்தது. பிற்காலக் கணிப்புப்படி அந்த வேட்டை நடந்து 12,000 ஆண்டுகளுக்கு மேலாகிறது. அந்த முனையை மண்ணோடும் விலாவோடும் ஒரே கட்டியாக வெட்டியெடுத்து டென்வரில் வைத்தார்கள். மக்ஜங்கினின் பெயர் இந்தக் கதையில் சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அதே முனையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தால்? அழகான ஒரு கல். அவ்வளவுதான்.

அழகு என்று சும்மா சொல்லவில்லை. ஃபோல்சம் முனையின் வார்ப்பு ஒன்று இப்போது என் கையில் இருக்கிறது. என் சுண்டுவிரலைவிடக் குட்டை. அடியிலிருந்து நுனிக்குக் கொஞ்சம் கீழே வரை, இருபக்கமும் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. கட்டைவிரலால் தடவினால் விரல் அந்தப் பள்ளத்துக்குள் தானாக வழுக்கிப் போகிறது. அடியில் சரியான இடத்தில் அழுத்தியோ தட்டியோ ஒரே நீளச் சில்லாகப் பெயர்த்தால்தான் இந்தப் பள்ளம் விழும். கை தவறினால் முனையே இரண்டாகிவிடும். அப்படி முறிந்தவையும் நிறையக் கிடைக்கின்றன. கம்பில் பொருத்துவதற்கு வசதி என்பது ஒரு விளக்கம். ஆனால் அந்த வசதிக்கு இவ்வளவு ஆபத்தான வேலை வேண்டுமா என்ற கேள்வி இன்னும் ஓயவில்லை. செய்தவர்களுக்கு அதில் ஒரு பெருமிதம் இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

இடத்துக்கு அடுத்தபடியாகப் பேசுவது முறிவு. எய்த முனை எலும்பில் மோதினால், நுனியிலிருந்து பின்னோக்கி ஒரு சில்லு தெறிக்கும். தோல் சுரண்டியதால் வரும் தேய்மானம் வேறு மாதிரி இருக்கும். ஆய்வாளர்கள் புதிதாக முனைகள் செய்து, இறந்த விலங்கின் உடல்மீது எய்து, அந்த முறிவையும் பழைய முறிவையும் நுண்ணோக்கியில் ஒப்பிடுகிறார்கள்.

இப்படித்தான் இலங்கையின் களுத்துறை மாவட்டத்தில், சீன யாத்திரிகர் பாகியானின் பெயரால் வழங்கும் பாஹியன்கல குகையில் கிடைத்த எலும்பு முனைகளை ஆராய்ந்தார்கள். மழைக்காட்டு நடுவே உள்ள குகை அது. 130 முனைகள், பெரும்பாலும் குரங்கு எலும்பில் செய்தவை. பலவற்றின் நுனியில் மோதிய முறிவு இருக்கிறது. 48,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே வில்லும் அம்பும் புழங்கின என்பது 2020-ல் வெளியான ஆய்வின் முடிவு. உயர்ந்த மரக்கிளையில் தாவும் குரங்கையும் அணிலையும் ஈட்டியோடு துரத்த முடியாது அல்லவா? குரங்கை வேட்டையாடி, அதன் எலும்பிலேயே அடுத்த அம்புக்கு முனை செய்திருக்கிறார்கள். இங்கேயும் அடுக்கு அடுக்காக, எந்த அடுக்கில் எது என்று குறித்துத் தோண்டியதால்தான் இவ்வளவும் தெரிந்தது. இடம், மறுபடியும் இடம்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகவே சொல்கிறேன். சாயர்புரம், மெஞ்ஞானபுரம் வட்டாரங்களில் விரல்நகம் அளவே உள்ள நுண்கற்கருவிகள் கிடைக்கின்றன. வெங்கச்சங்கல்லிலும் செர்ட் என்ற கடினமான கல்லிலும் செய்தவை. 1956-ல் சாய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். இந்த நிகழ்ச்சியைக் கேட்கும் தேரிக்காட்டு நேயர்கள் அப்படி ஒரு கல்லைப் பார்த்தால் எடுக்க வேண்டாம். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள், சுற்றியுள்ள நிலமும் தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள், இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவியுங்கள். வணக்கம்.