கவரின் பின்பக்கத்தில் ஒரு வரி

வேலூர் மாவட்ட நேயர்களுக்கு வணக்கம். குடியாத்தத்தில் நாங்கள் ஏழு பெண்கள் சேர்ந்து சத்துமாவும் பொடி வகைகளும் அரைத்து, பாக்கெட் போட்டு விற்கிறோம். ஒருமுறை விற்றதையெல்லாம் கடை கடையாகப் போய்த் திரும்ப வாங்கி வந்தோம். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு காலை நேரம். பேர்ணாம்பட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். பர்ஸுக்குள் மடித்து வைத்திருந்த எங்கள் சத்துமாவுக் கவரை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அக்கா, இதுல மல்லாட்டை எதனா போட்டிருக்கீங்களா?"

மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்வது வேர்க்கடலையை. "இல்லம்மா, நாங்க போடறதே இல்ல" என்றேன். சந்தேகமே இல்லாமல் சொன்னேன்.

முந்தின நாள் அவருடைய நான்கு வயது மகன் கஞ்சி குடித்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டார்கள். அவனுக்கு வேர்க்கடலை ஆகாது என்று அந்தத் தாய்க்கு முன்பே தெரியும். அதனால் எதை வாங்கினாலும் கவரைப் படித்துப் பார்ப்பவர். எங்கள் கவரையும் படித்துவிட்டுத்தான் வாங்கியிருக்கிறார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த மாவு அரைத்ததற்கு முதல் நாள் மாலை, அதே மெஷினில் வேர்க்கடலைப் பொடி அரைத்திருந்தோம். நடுவில் ஒரு படி அரிசியை விட்டு ஓட்டினோம். மாவு மில்லில் வழக்கமாகச் செய்வதுதான். ஆனால் வேர்க்கடலையில் எண்ணெய்ப் பசை அதிகம். சல்லடைக் கண்ணிலும் துணிப்பையின் மடிப்பிலும் அப்பிக்கொண்டது அரிசியோடு போய்விடாது. அடுத்து அரைக்கிற மாவில் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும்.

"அந்தத் துளியா இவ்வளவு செய்யும்?" என்று குழுவிலேயே கேட்டார்கள். செய்யும். ஒவ்வாமை உள்ள உடம்பு வேர்க்கடலையில் இருக்கும் புரதத்தை நஞ்சுபோல எடுத்துக்கொள்கிறது. சிலருக்கு மிகச் சிறிய அளவே போதும். வறுத்தாலும் கஞ்சியாகக் காய்ச்சினாலும் அது போவதில்லை.

சரி, பாக்கெட்டைத் திரும்ப எடுப்போம் என்று கிளம்பினோம். எந்தப் பாக்கெட்டை? எந்தத் தடவை அரைத்தது என்று காட்டும் தொகுதி எண்ணை (பேட்ச் நம்பர்) கவர்மேல் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நாங்கள் மாதத்தை மட்டும் முத்திரை குத்தி அனுப்பியிருந்தோம். அது எங்கள் தப்பு. ஒருநாள் அரைத்த முப்பது பாக்கெட்டோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, அந்த மாதம் முழுக்க அரைத்த 240 பாக்கெட்டையும் தேட வைத்தது. குடியாத்தம், பேர்ணாம்பட்டு, காட்பாடி, வேலூர் லாங் பஜார் என்று நான்கு நாள் அலைந்தோம். 163 திரும்பி வந்தன. மீதி 77 எந்தெந்த வீட்டு அடுப்பில் ஏறியதோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

லாங் பஜாரில் ஒரு கடைக்காரர், "மாவு கெட்டுப் போச்சாம்மா?" என்றார். "இல்லண்ணா, மாவு நல்லாத்தான் இருக்கு" என்றேன். "நல்லா இருக்கிறத ஏம்மா எடுத்துட்டுப் போறீங்க?" அவர் கேட்டதில் தப்பில்லை. புழு வைத்தால் கண்ணுக்குத் தெரியும், ஊசிப்போனால் மூக்குக்குத் தெரியும். இது எதற்கும் தெரியாது. கவர்மேல் எழுதியிருப்பதை நம்பித்தான் அந்தப் பிள்ளை சாப்பிடுகிறான்.

இது எங்களைப்போன்ற சின்ன இடத்தில் மட்டும் நடப்பதில்லை. 2014 கடைசியிலும் 2015 தொடக்கத்திலும் அமெரிக்காவில் சீரகத் தூளில் வேர்க்கடலைப் புரதம் இருப்பது தெரியவந்தது. சீரகத் தூளை மட்டும் எடுத்தால் போதுமா? அது சேர்ந்த மசாலா, சூப், இறைச்சி உணவு என்று ஏகப்பட்ட பொருள்களைத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது.

நம் நாட்டில் உணவைத் திரும்பப் பெறுவதற்கென்றே 2017-இல் விதிகள் வந்தன. அப்புறம் 2020-இல் வந்த லேபிள் விதிகள், ஒவ்வாமை தரும் பொருள்களைத் தனியாகக் குறிப்பிடச் சொல்கின்றன. கோதுமை போன்ற, குளூட்டன் என்ற புரதம் உள்ள தானியங்கள், பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேல் போனால் சல்ஃபைட் என்ற, உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கிற ரசாயனம். பொருளில் சேர்த்திருந்தால் 'உள்ளது' என்று போட வேண்டும். எங்களுக்கு நடந்ததுபோல ஒட்டி வர வாய்ப்பிருந்தால் 'இருக்கலாம்' என்று குறிப்பிடும் முறையும் அதில் உண்டு. 2020-இல் வந்த அந்தப் பட்டியலில் எள் இல்லை. அமெரிக்காவில் 2023-லிருந்து எள்ளும் கட்டாயம். இட்லிப் பொடியில் எள் போடுகிற நம் ஊரில் அது இல்லாதது எனக்குச் சரியாகப் படவில்லை. நாங்களாகவே எழுதிவிடுகிறோம்.

இன்னொரு மனக்குறையும் உண்டு. இந்த வரி ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் சட்டத்துக்குப் போதும். தமிழில் கூடுதலாகப் போடத் தடையில்லை, ஆனால் போடுகிறவர்கள் குறைவு. பேரனுக்குப் பிஸ்கட் வாங்கித் தருகிற பாட்டி அதை எப்படிப் படிப்பார்? எங்கள் கவரில் இப்போது பெரிய எழுத்தில், 'கோதுமை உள்ளது. வேர்க்கடலை (மல்லாட்டை), எள் இருக்கலாம்' என்று தமிழிலேயே இருக்கிறது. சத்துமாவு திங்கட்கிழமை அரைக்கிறோம், கடலைப் பொடி வாரக் கடைசியில்தான். துணிப்பையும் இரண்டுக்கும் வேறு வேறு.

அந்தத் தாய் கவரைக் குப்பையில் போட்டிருந்தால் எங்களுக்கு எதுவுமே தெரிந்திருக்காது. உங்கள் வீட்டில் யாருக்காவது ஏதாவது சாப்பிட்டு இப்படி ஆனால், முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கவரையும் மீதிப் பொருளையும் பத்திரமாக வையுங்கள். பிறகு அதைத் தயாரித்தவரிடமும் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் காட்டுங்கள். நாங்கள் தயாரித்த பொருளாக இருந்தால் நேராக எங்களிடமே கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.