ஸ்பிரிங் மாத்தினா பிக்கப் வந்துடுமா? டிஸ்ட்ரிபியூட்டர் அட்வான்ஸ் வேலை

வணக்கம் மக்களே. இன்னைக்குக் கொஞ்சம் கடுப்போடதான் ஆரம்பிக்கிறேன். டிஸ்ட்ரிபியூட்டர்தான் பிளக்குக்குப் பொறி அனுப்புற பாகம். பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு எத்தனை டிகிரி முன்னாடி பொறி விழுதோ, அதுதான் அட்வான்ஸ். சுத்து ஏற ஏற உள்ள இருக்கிற வெயிட் விரிஞ்சு அதைக் கூட்டும், ஸ்பிரிங் வெயிட்டை இழுத்துப் பிடிக்கும். பழைய இன்ஜினுக்கு ‘பெர்ஃபார்மன்ஸ் அட்வான்ஸ் கிட்’னு ஒரு பாக்கெட் வந்திருக்கு. பிரிச்சா உள்ள ரெண்டே ரெண்டு ஸ்பிரிங். ரெண்டும் ஒரே கனம், நூல் மாதிரி மெல்லிசு. எந்த ஆர்பிஎம்ல எத்தனை டிகிரி வரும்னு ஒரு துண்டுச் சீட்டாவது? கிடையாது.

போன கேம்ஷாஃப்ட் வீடியோவுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டதும் இதுதான். கேம் மாத்தியாச்சு, கார்புரேட்டர் செட் பண்ணியாச்சு, கீழ்சுற்றுல வண்டி இழுக்க மாட்டேங்குது, ஸ்பிரிங் மாத்தலாமா? முதல்ல மாத்த வேண்டியது ஸ்பிரிங் இல்ல, ஸ்டாப், அதாவது வெயிட் இதுக்கு மேல விரியாம தடுக்கிற முட்டு.

கணக்கைப் பாருங்க. கம்பெனி செட்டிங்ல ஐடிலிங்ல 6 டிகிரி, வெயிட் விரிஞ்சு 28 டிகிரி, மொத்தம் 34னு வைங்க. பெரிய கேம் போட்டா கீழ்சுற்றுல சிலிண்டர் சரியா நிறையாது, கலவை மெதுவா எரியும். அதனால ஐடிலிங்ல 14 கேக்கும். ஆனா மேல்சுற்றுல தேவை அதே 34தான். நீங்க பாட்டுக்கு டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி 14 வெச்சீங்கன்னா மேல 42 போயிடும். நாக்கிங் வரும் (கலவை தாறுமாறா வெடிக்கும்), பிஸ்டன் போகும். அப்போ வெயிட் கொடுக்கிற 28ஐ 20ஆ குறைக்கணும். ஸ்பிரிங் அதைக் குறைக்காது. அட்வான்ஸ் எப்ப வரும்ங்கிறதுதான் ஸ்பிரிங் கையில. எவ்வளவு வரும்ங்கிறது ஸ்டாப் கையில.

லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் வெச்சிருக்கவங்க பேஸ் பிளேட்டைக் கழட்டிப் பாருங்க. பாயின்ட்டை (பொறிக்கான காண்டாக்ட்) திறந்து மூடுற ஒரு சின்ன கேம் உள்ள இருக்கும், இன்ஜின் கேம்ஷாஃப்ட் இல்ல. அதோட சேர்ந்த பிளேட்டுல ஒரு நம்பர் குத்தியிருக்கும். 14னா 14 டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கோட பாதி வேகத்துல சுத்துறதால கிராங்க்ல அது 28. நமக்கு 20 வேணும்னா இங்க 10. நாலு டிகிரி வெட்டணும்.

அந்தப் பிளேட்டோட கை, ஸ்டாப்பா நிக்கிற போஸ்ட்டுல இடிக்கிற இடத்துல கொஞ்சம் வெல்ட் வெச்சு ஃபைல் பண்ணணும். எவ்வளவு? மையத்துல இருந்து இடிக்கிற இடம் 15 மில்லிமீட்டர்னா ஒரு டிகிரிக்கு 0.26. நாலுக்கு 1.05 மில்லிமீட்டர். உங்க டிஸ்ட்ரிபியூட்டர்ல தூரம் வேற இருக்கும், அளந்து 0.01745ஆல பெருக்கிக்கோங்க. வெல்ட் சின்ன டேக்கா இருக்கட்டும். சூடு கேம் லோப் வரைக்கும் ஏறினா கடினம் போயிடும், பாயின்ட் சீக்கிரம் தேயும்.

அட, ஒண்ணு விட்டுட்டேன். ஸ்டாப்பா ஒரு சின்ன முளை (பின்) ஸ்லாட்டுக்குள்ள ஓடுற டைப்பா இருந்தா, வெல்ட் வேண்டாம், பின்னுல ஒரு ஸ்லீவ் போடலாம். ஆனா ஸ்லீவ் ரெண்டு பக்கமும் இடத்தை அடைக்கும். அதனால சுவர் கனம் அந்த 1.05ல பாதிதான். இதைக் கவனிக்கலேன்னா எட்டு டிகிரி வெட்டுப்படும், கிராங்க்ல 16. வண்டி மேல்சுற்றுல சுத்தமா செத்துடும்.

இப்ப ஸ்பிரிங்குக்கு வருவோம். ஒரிஜினல்ல ஒண்ணு மெல்லிசு, ஒண்ணு தடிமன். தடிமனா இருக்கிறதுல கொக்கி நீள வளையமா, லொடலொடன்னு ஆடும். அதைப் பார்த்ததும் ‘தேஞ்சுபோச்சு’ன்னு பிளையர்ல நசுக்கி இறுக்குற ஆளுங்க இருக்காங்க. தயவுசெஞ்சு கை வைக்காதீங்க! அது தேய்மானம் இல்ல, வேணும்னே விட்ட இடைவெளி. கீழ்சுற்றுல மெல்லிசு மட்டும்தான் வேலை செய்யும், அட்வான்ஸ் வேகமா ஏறும். வெயிட் கொஞ்சம் விரிஞ்சதும் அந்த வளையம் இறுகி, தடிமன் ஸ்பிரிங் பிடிக்கும், அதுக்கப்புறம் மெதுவா ஏறும். எந்தச் சுத்துல எத்தனை டிகிரிங்கிற கோடுதான் கர்வ். அதுல வர்ற வளைவே அந்த லொடலொடதான். இறுக்கிட்டா நடுச்சுற்றுல அட்வான்ஸ் பத்தாம வண்டி மந்தமாயிடும். கழட்டும்போதும் பிளையர் வேணாம். கம்பியில சின்னக் கொக்கி பண்ணித் தூக்குங்க. ஒரு தடவை இழுபட்டா அந்த ஸ்பிரிங் போச்சு.

அந்தக் கிட் மாதிரி ரெண்டும் மெல்லிசா போட்டா என்ன ஆகும்? 700, 800 ஆர்பிஎம்லயே வெயிட் விரிய ஆரம்பிக்கும். டைமிங் லைட் பிடிச்சா 14 காட்டும், அதுல நாலஞ்சு டிகிரி வெயிட் கொடுத்தது. சுத்து இறங்கினா டைமிங்கும் இறங்கும், உடனே சுத்து இன்னும் இறங்கும். ஐடிலிங் நிக்கவே நிக்காது. கார்புரேட்டரைத்தான் எல்லாரும் திட்டுவாங்க. இன்னொரு பக்கம், மொத்த அட்வான்ஸும் 2000க்குள்ள வந்துட்டா, ஏத்தத்துல டாப் கியர்ல மிதிச்சதும் நாக்கிங்.

இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. ஆட்டம் தெரிஞ்சா புஷ் மாத்தாம மேல போகாதீங்க. டைமிங் மார்க் லைட்ல தாண்டித் தாண்டிக் குதிக்கும், எந்த நம்பரும் நம்ப முடியாது. எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டா கர்வ் சரியாயிடும்னு சொல்றவங்களுக்கு: அது பாயின்ட்டுக்கு மாத்து, அவ்வளவுதான். வெயிட்டும் ஸ்பிரிங்கும் அதே பழசு. பாயின்ட்டே வெச்சிருக்கீங்கன்னா அதோட இடைவெளி (கேப்) முதல்ல, டைமிங் அப்புறம். லூகாஸுக்கு 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டர். கேப் மாறினா டைமிங் நகரும்.

அளக்குறது: வேக்கம் கேப்சூலுக்கு (லேசா மிதிக்கும்போது அட்வான்ஸ் கூட்டுற டப்பா) போற ஹோஸைக் கழட்டி அடைச்சுடுங்க. ஐடிலிங்ல இருந்து 500 ஆர்பிஎம் ஏத்தி ஏத்தி, டிகிரி ஏறாம நிக்கிற வரைக்கும் எழுதுங்க. டயல் வெச்ச லைட், ஒரே தடவைக்குப் பல பொறி விடுற மல்டி ஸ்பார்க் இக்னிஷன்ல பொய் சொல்லும். சாதா லைட்டும், கிராங்க் புல்லியில அளந்து மார்க் போட டேப்பும் போதும். புல்லி விட்டம் 150 மில்லிமீட்டர்னா ஒரு டிகிரிக்கு 1.31. 34 டிகிரி மார்க் 44.5 மில்லிமீட்டர் தள்ளி.

புல்லி மார்க்கே சரியான்னு பாருங்க. ரப்பர் வெச்ச டேம்பர் புல்லியில வெளி வளையம் நழுவியிருக்கலாம். பிளக் ஓட்டையில பிஸ்டன் ஸ்டாப் போட்டு, கையால ரெண்டு பக்கமும் மெதுவா சுத்தி நிக்கிற இடங்களைக் குறிச்சா, நடுவுலதான் டாப், அதாவது பிஸ்டன் உச்சியில நிக்கிற இடம்.

கடைசியா ஓட்டிப் பார்க்கும்போது டாப் கியர், 2000, முழு மிதி. கிணுகிணுன்னு சத்தம் வந்தா ரெண்டு டிகிரி பின்னாடி எடுங்க. பிளக் பீங்கான்ல மினுமினுன்னு அலுமினியப் புள்ளி தெரிஞ்சா ஓட்டுறதை அப்பவே நிறுத்துங்க.

ஆங், மறந்தே போச்சு! டிஸ்ட்ரிபியூட்டர் கேமைக் கழட்டும் முன்னாடி ரோட்டார் திசையையும் ஷாஃப்ட்டையும் மார்க் பண்ணுங்க. அது தலைகீழாவும் உக்காரும். அப்புறம் டைமிங் 180 டிகிரி மாறி, பேக்ஃபயர் மட்டும்தான் கேக்கும். வேக்கம் கேப்சூலைக் கழட்டித் தூக்கிப் போடாதீங்க. முழு மிதியில அதுக்கு வேலையே இல்ல, சீரா ஓட்டும்போது பெட்ரோல் மிச்சம். அதுல இருக்கிற மூணு நம்பரை அடுத்த வீடியோல பார்க்கலாம்.