பகல் வெளிச்சத்தில் எழுதுங்கள்: பிரசங்க ஆசிரியர் போன்ஹோஃபர்

[காட்சி: பால்டிக் கடற்கரை மணல்மேடுகள், காற்றில் சாயும் நாணல்.]

பிரசங்கத்தை இரவில் விளக்கடியில் எழுதாதீர்கள், பகல் வெளிச்சத்தில் எழுதுங்கள். ஒரே மூச்சில் எழுதி முடித்துவிடாதீர்கள். மேடையேறிய முதல் சில நிமிடங்களில்தான் சபையின் காது முழுதாகத் திறந்திருக்கும். அந்த நிமிடங்களைப் பொதுப்பேச்சில் கரைக்காமல் நேரே பொருளின் நடுவுக்கு வாருங்கள்.

1935-ஆம் ஆண்டு, ஜெர்மனி. இருபத்துச் சொச்சம் இளம் போதகர்கள் இதைக் கேட்டுக் குறிப்பெடுத்தார்கள். சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு வயது 29. பெயர் டீட்ரிக் போன்ஹோஃபர்.

ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கேற்றுத் தூக்கிலிடப்பட்ட போதகர் என்றே பலரும் அவரை அறிந்திருக்கிறார்கள். அந்த முடிவின் ஒளியில் அவருடைய அன்றாட வேலை மங்கிப்போய்விட்டது. அவர் லுத்தரன் இறையியலாளர். பிரசங்கம் செய்யக் கற்றுக்கொடுத்த ஆசிரியர். இந்த வீடியோவில் அந்த ஆசிரியரைத்தான் பார்க்கப்போகிறோம்.

[காட்சி: பழைய குடும்பப் புகைப்படம். எட்டுக் குழந்தைகள்.]

1906 பிப்ரவரி 4 அன்று பிரெஸ்லாவ் நகரில், இன்றைய போலந்தின் விராட்ஸ்வாஃபில், பிறந்தார். உடன்பிறந்த இரட்டைச் சகோதரி சபீனா. தந்தை கார்ல் புகழ்பெற்ற மனநல மருத்துவர். ஆலயத்துக்கு அதிகம் போகாதவர். தாயின் குடும்பத்தில் இறையியலாளர்கள் இருந்தார்கள். டீட்ரிக் இறையியல் படிக்கப்போகிறேன் என்றபோது, திருச்சபை உயிரற்றுப்போன ஒன்று என்று அண்ணன்மார் சொன்னார்கள். அப்படியானால் அதை நான் சீர்திருத்துவேன் என்றானாம் அந்தச் சிறுவன்.

21 வயதில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். பிறகு பார்சிலோனாவில் ஜெர்மன் சபைக்கு உதவிப் போதகர். 1930-இல் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரி. அங்கேதான் அவருக்குள் ஏதோ ஒன்று உடைந்தது. நியூயார்க்கில் எதைப் பற்றியும் பிரசங்கிக்கிறார்கள், சுவிசேஷத்தை மட்டும் காணோம் என்ற பொருளில் அவர் தம் அறிக்கையில் எழுதினார். சுவிசேஷத்தை அவர் கேட்டது ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்களின் அபிசீனியன் பாப்டிஸ்ட் சபையில். அங்கே ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தினார். ஊர் திரும்பும்போது அம்மக்களின் ஆன்மிகப் பாடல்களை இசைத்தட்டுகளாக எடுத்துவந்தார். அந்தத் தட்டுகள் பிறகு ஒரு வகுப்பறையில் சுழலப்போகின்றன.

பெர்லினில் அவருக்கு முதலில் வாய்த்த வகுப்பு பல்கலைக்கழக மாணவர்களுக்கானது. அடுத்தது தொழிலாளர் குடியிருப்புச் சிறுவர்களின் திடப்படுத்தல் வகுப்பு, அதாவது சபையின் முழு உறுப்பினராவதற்கு முன் நடக்கும் பாடம். முன்பிருந்த போதகரை அந்தச் சிறுவர்கள் படாதபாடு படுத்தியிருந்தார்கள். போன்ஹோஃபர் முதல் நாள் படியேறியபோது மேலிருந்து குப்பை விழுந்தது. அவர் பெயரின் முதல் அசையைக் கத்தி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அவர் சுவரில் சாய்ந்தபடி பேசாமல் நின்றார். பிறகு முன்வரிசைக்கு மட்டும் கேட்கும் தாழ்ந்த குரலில் ஹார்லெம் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். பின்வரிசையும் அடங்கியது, கேட்கவேண்டுமே! அந்தச் சிறுவர்களுக்கு அருகில் இருப்பதற்காக அதே பகுதியில் அறை எடுத்துத் தங்கினார். கேட்கவைக்கும் வித்தையை அவர் கற்ற இடங்களில் இந்தப் படிக்கட்டையும் நான் சேர்ப்பேன்.

[காட்சி: பழைய வானொலிப் பெட்டி.]

1933 ஜனவரி 30: ஹிட்லர் பிரதமரானார். இரண்டே நாள் கழித்து, பிப்ரவரி 1 அன்று, போன்ஹோஃபர் பெர்லின் வானொலியில் தலைமை பற்றிப் பேசினார். தன்னைத் தொழவைக்கும் தலைவன் வழிநடத்துபவன் என்ற நிலையிலிருந்து வழிகெடுப்பவனாகச் சரிகிறான் என்பது அதன் சாரம். ஜெர்மனில் இவ்விரண்டு சொற்களும் ஒரே வேரிலிருந்து வருபவை. பேச்சு முடியுமுன் ஒலிபரப்பு துண்டிக்கப்பட்டது.

அதே ஆண்டில் யூத வம்சாவளியினர் போதகராக இருக்கக்கூடாது என்ற ஆரிய விதி புரூசியத் திருச்சபைக்குள் நுழைந்தது. எதிர்த்தவர்கள் 1934-இல் பார்மன் நகரில் கூடி, திருச்சபைக்கு ஒரே ஆண்டவர் கிறிஸ்துவே என்று அறிக்கையிட்டார்கள். அறிக்கைத் திருச்சபை என்ற அந்த இயக்கம் தன் போதகர்களைத் தானே பயிற்றுவிக்க ஐந்து செமினரிகளைத் தொடங்கியது. லண்டனில் ஜெர்மன் சபைகளுக்குப் போதகராக இருந்த போன்ஹோஃபரை அவற்றில் ஒன்றுக்குத் தலைவராக அழைத்தார்கள். அப்போது அவருக்கு வேறொரு கனவும் இருந்தது: இந்தியா வந்து காந்தியுடன் தங்கிக் கற்பது. காந்தியின் அழைப்புக் கடிதமும் 1934 நவம்பரில் எழுதப்பட்டுவிட்டது. ஆனாலும் அவர் இந்தியாவுக்கு வராமல் மாணவர்களிடம் போனார்.

[காட்சி: ஃபிங்கன்வால்டே வரைபடம். ஸ்டெட்டின் நகருக்கு அருகில், இன்று போலந்தில்.]

1935 ஏப்ரலில் ஸிங்ஸ்ட் கடற்கரையில் தொடங்கி, ஜூனில் ஃபிங்கன்வால்டேயின் ஏறத்தாழ வெறுமையான ஒரு பழைய கட்டடத்துக்கு மாறினார்கள். மேசை, நாற்காலி எல்லாம் சேகரித்ததுதான். போன்ஹோஃபர் தம் நூலகத்தையும் இசைத்தட்டுகளையும் கொண்டுவந்து பொதுவில் வைத்தார். ஹார்லெமின் பாடல்கள் ஃபிங்கன்வால்டே இருந்த பொமரேனியா வட்டாரத்தில் ஒலித்தன.

தினமும் காலையில் அரைமணி நேர மௌன தியானம். ஒரு வாரம் முழுக்க ஒரே வேதபகுதி. மூல மொழியில் ஆராயக்கூடாது, விளக்கவுரை பார்க்கக்கூடாது, அடுத்த பிரசங்கத்துக்குக் கருத்துத் தேடவும் கூடாது. இந்த வார்த்தை எனக்கு என்ன சொல்கிறது என்று மட்டும் கேட்கவேண்டும். மாணவர்கள் திணறினார்கள். சிலர் புகைபிடித்தார்கள், சிலர் தூங்கியே போனார்கள். அவர் விடவில்லை. பேசுவதைத் தொழிலாகக் கொண்டவன் வேதத்தை எப்போதும் பிறருக்காகவே படிப்பான். தனக்காகப் படிக்க மறந்துவிடுவான். அந்த ஆபத்தை அவர் கண்டுகொண்டதைத்தான் அவருடைய பாடமுறையின் ஆழமான இடமாக நான் கருதுகிறேன்.

பிரசங்க வகுப்பில் அவர் சொன்ன மையக் கருத்து இது: பிரசங்கிக்கப்படும் வார்த்தை கிறிஸ்துவைப் பற்றிய தகவல் மட்டுமன்று, வார்த்தையாகத் தம் சபையின் நடுவே நடந்து வருகிறவர் கிறிஸ்துவே. அவர் நடக்க வழிவிடுவதே போதகரின் வேலை. எனவே கண்ணீர் வரவழைக்கும் உத்திகளுக்கு அங்கே இடமில்லை.

கிறிஸ்துவுக்குள் நிபந்தனை வாக்கியமே கிடையாது என்றும் சொன்னார். தமிழில் யோசித்தால் இது உடனே விளங்கும். ஜெபித்தால், கொடுத்தால், மனந்திரும்பினால் என்று 'ஆல்' விகுதி எத்தனை பிரசங்கங்களைத் தூக்கி நிறுத்துகிறது! கடவுளின் கிருபை அந்த விகுதிக்குக் காத்திருப்பதில்லை என்பது லுத்தரின் அடிப்படைப் போதனை. அதை அவர் இலக்கணப் பாடமாக ஆக்கிவிட்டார்.

மாணவர்கள் மறக்காத இன்னொன்று, அவர் பிரசங்கத்தைக் கேட்ட விதம். வகுப்பில் வாசிக்கப்படும் பிரசங்கத்தை விமர்சிப்பார். வழிபாட்டில் செய்யப்பட்ட பிரசங்கத்தைக் கூறுபோட அனுமதிக்கமாட்டார். பேசியவன் நடுங்கும் குரலில் தடுமாறிய மாணவனாக இருந்தாலும், தமக்கு வந்த கடவுளின் வார்த்தையாக அதைக் கேட்டார். ஆசிரியர் அப்படிக் கேட்பதைக் காண்பதைவிடப் பணிவு கற்பித்தது வேறொன்றும் இல்லை என்று மாணவரும் பிற்காலத்தில் வாழ்க்கை வரலாற்றாசிரியருமான எபர்ஹார்ட் பெத்கே பதிவுசெய்தார். யூதர்களுக்காகக் குரல் எழுப்புகிறவனே கிரிகோரியன் கீதம் என்ற பழைய ஆலய இசையைப் பாடலாம் என்று ஆசிரியர் சொன்னதைக் காத்துத் தந்தவரும் அவரே.

1936-இல் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் உரிமை பறிக்கப்பட்டது. 1937 செப்டம்பரில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோ செமினரியை இழுத்து மூடியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கே பயின்றவர்களில் 27 பேர் கைதானார்கள். பொமரேனியக் கிராமங்களில் சிறு குழுக்களாக 1940 வரை மறைவாகப் பாடம் தொடர்ந்தது. இடையில், 1939-இல், நியூயார்க்கில் பாதுகாப்பான இடம் கிடைத்தும் சில வாரங்களில் திரும்பினார். தம் மக்களின் சோதனையைப் பகிராவிட்டால் போருக்குப் பிந்தைய ஜெர்மனியைக் கட்டியெழுப்பத் தமக்கு உரிமையில்லை என்று எழுதினார். 1940-இல் பொதுவில் பேசத் தடை. 1941-இல் எழுதியதை வெளியிடவும் தடை. ராணுவ உளவுத்துறையின் வேலையைத் திரையாகக் கொண்டு சதியாளர்களுக்காக இயங்கினார். 1943 ஏப்ரல் 5 அன்று கைது.

[காட்சி: டேகல் சிறை. கம்பி வழியே ஒரு துண்டு வானம்.]

மேடையில்லாத பிரசங்கி சிறையில் என்ன செய்வார்? எழுதினார். 1944 மே மாதம் பெத்கேயின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கவிருந்தபோது சிறையறையிலிருந்து ஒரு நீண்ட கட்டுரை அனுப்பினார். தன்னைக் காத்துக்கொள்வதற்காகவே போராடிய திருச்சபையின் பழைய சொற்கள் வலுவிழந்து ஓயத்தான் வேண்டும். இப்போது கிறிஸ்தவ வாழ்வு ஜெபமும் மனிதர் நடுவே நீதி செய்வதும் மட்டுமே. உலகை மாற்றும் புதிய மொழி ஒருநாள் பிறக்கும், அது மதச்சாயல் இல்லாததாகக்கூட இருக்கலாம் என்றார். பிரசங்கத்தைத் தம் உயிராக நேசித்தவர், சொற்கள் கொஞ்சகாலம் ஓயட்டும் என்கிறார். அந்தக் கட்டுரையை எப்போது எடுத்தாலும் இந்த இடத்தைத் தாண்டிப்போக என்னால் முடிவதில்லை.

1945 ஏப்ரல் 8, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. பவேரியாவின் ஷோன்பெர்க் கிராமத்துப் பள்ளி அறை ஒன்றில் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். வழிபாடு நடத்தும்படி அவரைக் கேட்டார்கள். அவர் தயங்கினார்; நாத்திகரான சோவியத் அதிகாரி கொகோரின் அங்கே இருந்தார், அவர்மீது எதையும் திணிக்க மனமில்லை. கொகோரினும் சம்மதித்த பிறகே தொடங்கினார். அன்றைய வேதபகுதிகளில் ஒன்று ஏசாயா 53: "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்." முடிந்த சற்றுநேரத்தில் இரண்டு பேர் வந்து, கைதி போன்ஹோஃபர், புறப்படத் தயாராகுங்கள் என்றார்கள். மறுநாள் விடியலில் ஃப்ளோசன்பூர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39.

[காட்சி: மீண்டும் அந்த வானொலிப் பெட்டி.]

ஜூலை 27 அன்று லண்டனின் ஹோலி டிரினிட்டி ஆலயத்தில் நினைவு வழிபாடு நடந்தது. அவருடைய நண்பர் பிஷப் ஜார்ஜ் பெல் பிரசங்கித்தார். பிபிசி அதை ஒலிபரப்பியது. 1933-இல் மகனின் பேச்சு பாதியில் அறுந்துபோன அதே பெர்லினில், வயதான தாயும் தந்தையும் வானொலி முன் அமர்ந்து அதைக் கேட்டார்கள்.